உபவாசத்துக்கு யாரும் அரிசி கொண்டுபோவதில்லை

எங்கள் சபையில் என் தலைமேல் கை வைக்காதவர்கள் என்று யாருமே இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை, அதனால். போதகர் கை வைத்தார். அவருக்கு மேலே இருக்கிறவர் ஊருக்கு வந்தபோது அவரும் வைத்தார். வெளியூரிலிருந்து கூட்டம் நடத்த வந்த பிரசங்கியார் ஒருவர் எண்ணெய் தடவிக் கை வைத்தார். அந்த எண்ணெய் வழிந்து என் கல்யாணப் பட்டுப் புடவையில் பட்ட கறை இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள்கூட, காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்த கையோடு, "ஒரு சின்ன ஜெபம் பண்ணிடலாமா டீச்சர்?" என்பார்கள். அவர்கள் சின்ன ஜெபம் எவ்வளவு பெரியது என்பது என் கழுத்துக்குத் தெரியும்.

ஞானஸ்நானம் நடக்கிற ஞாயிறுகள் இன்னும் மோசம். எங்கள் சபையில் ஒரு வழக்கம். பிள்ளை இல்லாதவள் கையில் குழந்தையைக் கொடுத்து, ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் தூக்கிவரச் சொல்வார்கள். அப்படித் தூக்கினால் அவளுக்கும் சீக்கிரம் கிடைக்குமாம். இதை யார் ஆரம்பித்துவைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும், கேட்டதில்லை. வாங்கித் தூக்கிக்கொண்டு போவேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் சபைப் பிள்ளைகளில் பாதிக்கு நான்தான் ஞானத்தாய். அதுகளில் சிலது வளர்ந்து என் வகுப்பிலேயே உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தன.

நான் அப்போது ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். என் வீட்டுக்காரருக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. அரவை நடக்கிற மாதங்களில் சட்டையெல்லாம் பாகு வாசனையோடு வீடு வந்து சேருவார். அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் இரண்டு முறை உண்டானேன். இரண்டு முறையும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. அந்த இரண்டு முறையும் சந்தோஷம் தாங்காமல் ஊருக்கெல்லாம் சொல்லி, சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டிருந்தோம். அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "இல்லிங்க, போயிடுச்சி" என்று சொல்ல வேண்டிவந்தது. குழந்தை போனதைவிட அதுதான் கொடுமையாக இருந்தது என்று சொன்னால் பாவம்தான், ஆனால் உண்மை. அதற்கப்புறம் வருஷக்கணக்காக ஒன்றுமே இல்லை. மாதா மாதம் காத்திருந்து, மாதா மாதம் ஏமாந்து, திரும்பக் காத்திருந்தோம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த அந்த வருஷம், புரட்டாசி பிறக்கிற சமயத்தில், எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. சொன்னால் போய்விடும் என்று பயம். படித்தவள், டீச்சர், கிறிஸ்தவள், இதென்ன மூடநம்பிக்கை என்று கேட்டால் கேளுங்கள். ஆமாம், மூடநம்பிக்கைதான். ஜெபத்தில்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும், அவராகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் துணியில் கறை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவேன்.

அந்த நேரம் பார்த்தா போதகரம்மா வீட்டுக்கு வரவேண்டும்? போதகரம்மா என்றால் எங்கள் போதகரின் மனைவி. சபைப் பெண்களுக்கெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். நல்ல உயரம், அதைவிடப் பெரிய குரல். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

"டீச்சர், உனக்குன்னே ஒரு உபவாச ஜெபம் வெச்சிருக்கோம்மா. மூணு நாளு. மலை மேல, கரியாலூர் பக்கத்துல நம்ம ஜெப வூட்ல. பொம்பளைங்க எல்லாம் வரோம். பச்சத் தண்ணி மட்டுந்தான். இந்தவாட்டி ஆண்டவர விடறதா இல்ல."

ஒருவேளை உண்டாகியிருக்கிறவள் மலைப்பாதை பஸ்ஸில் குலுங்கிப் போய் மூன்று நாள் பட்டினி கிடப்பதா? அதுவும் பிள்ளை கேட்டு? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். உடம்பு சரியில்லை என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அதற்கு ஜெபம் பண்ணுவார். வேலை இருக்கிறது என்று சொன்னால், உனக்காக நாங்கள் பட்டினி கிடக்கிறோம், உனக்கு வேலையா என்பார். எப்படிப் பார்த்தாலும் தப்பிக்க வழி இல்லை.

"சரிங்கம்மா" என்றேன்.

என் வீட்டுக்காரர்தான் பயந்தார். "ஒரு வாரம் ரோடு மறியல்னு சொல்லினு இருக்காங்களே. இப்பப் போவணுமா?"

தங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி இடம் வேண்டும் என்று எங்கள் பக்கத்து உழவர் குடும்பத்து ஆட்கள் ரோட்டில் இறங்கியிருந்த காலம் அது. அதற்கு முன்னாலும் மறியல் நடந்திருக்கிறது.

"போன தடவையும் இதான் சொன்னாங்க, சாயங்காலமே பஸ்சு ஓடலையா?" என்றார் போதகரம்மா. "மறியல் பண்றவங்க டவுன்ல பண்ணுவாங்க. மலைக்கு யாருங்க வந்து மறிக்கப் போறாங்க?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மலையை யாரும் மறிக்கத் தேவையில்லை, அடிவாரத்தை மறித்தால் போதும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கிளம்புகிற அன்று காலை, என் வீட்டுக்காரர் பல் தேய்க்கப் போன சமயம் பார்த்து, கடையில் வாங்கி ஒளித்துவைத்திருந்த கடலை உருண்டைப் பொட்டலத்தை என் பையில் புடவை மடிப்புக்குள் சொருகினேன். பஸ் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பெண்கள் எல்லாம் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்துகொண்டு பாட்டு ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஒருபக்கம் சாயும்போது நான் முந்தானைக்குள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் பிரேக் போட்டபோதெல்லாம் அவரைச் சபித்தேன்.

ஜெப வீடு என்பது சிமெண்டு ஷீட் போட்ட ஒரே அறை. அதற்குப் பின்னால் உபதேசியாரின் குடிசை. மலை ஊர்களில் ஜெபம் நடத்துவதற்காகச் சபை அனுப்பிவைத்த ஆள் அவர். மனைவியோடு அங்கேயே பல வருஷமாக இருந்தார். நாங்கள் கொண்டுபோன சாமான் என்று பார்த்தால் பாய், போர்வை, பாட்டுப் புத்தகம், அப்புறம் உபவாசம் முடிக்கிற அன்று கஞ்சி வைக்க ஒரே ஒரு வேளைக்கான நொய்யரிசி. அவ்வளவுதான். உபவாசத்துக்குப் போகிறவர்கள் அரிசி மூட்டையா தூக்கிக்கொண்டு போவார்கள்?

மூன்று நாளும் காலையிலிருந்து ஜெபம். என்னை நடுவில் முழங்காலில் நிறுத்தி, சுற்றி நின்று, தலையிலும் முதுகிலும் வயிற்றிலும் கை வைத்து, "கர்ப்பத்தத் தொறங்க ஆண்டவரே" என்று கத்தினார்கள். நானோ, திறக்க வேண்டாம், மூடியே வையுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சத்தமாக ஜெபம் பண்ணின இத்தனை பேருக்கும் எதிராக நான் ஒருத்தி சத்தமில்லாமல் ஜெபம் பண்ணினேன். ஆண்டவர் பாடு திண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்.

ஒண்ணுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கடுக்காய் மரத்துக்குப் பின்னால் நின்று கடலை உருண்டை தின்றேன். கடிக்கிற சத்தம் கேட்கக் கூடாதே என்று வாயில் போட்டு ஊறவைத்து மென்றேன். எனக்காக அத்தனை பேரும் பட்டினி கிடக்க நான் தின்றதில் எனக்கு வெட்கமே இல்லை. நான் எனக்காகத் தின்னவில்லை.

மூன்றாம் நாள் காலை, தையல்காரர் மனைவிக்குத் தரிசனம் வந்தது. அந்த அக்காவுக்கு அடிக்கடி வரும். கண்ணை மூடி ஆடிக்கொண்டே, "தொட்டில் பாக்கறேன், தொட்டில் பாக்கறேன், டீச்சர் வூட்ல தொட்டில் ஆடுது" என்று அழுதார். எல்லாரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று எழுந்து குதித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் நான் மனசுக்குள் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. யாருக்கும் சொல்லாத ரகசியத்தை இவர் எப்படிக் கண்டார்? அப்படியானால் உண்மைதானா? ஏழெட்டு வருஷமாக உள்ளே இறுகிக்கிடந்த ஏதோ ஒன்று இளகி, நான் விக்கி விக்கி அழுதேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதற்கு அவசரம், ஊருக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினேன்.

கஞ்சி குடித்தோம். பாயைச் சுருட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்கு ரோட்டோரம் வந்து உட்கார்ந்தோம். பஸ் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. விசாரித்துவரப் போன உபதேசியார் முகம் வெளிறித் திரும்பினார்.

"அடிவாரத்துல புளியமரத்த வெட்டிப் போட்டுட்டாங்கம்மா. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல. கச்சிராயபாளையம் ரோடு பூரா வரிசையா கெடக்குது. சைக்கிளு கூடப் போவாது."

"எப்பம்மா எடுப்பாங்க?" என்று யாரோ அவரையே "அம்மா" போட்டுக் கேட்டார்கள். அவ்வளவு குழப்பம்.

"ஒரு வாரம்னு சொல்றாங்க."

அப்போதுதான் எங்கள் லட்சணம் எங்களுக்கே புரிந்தது. கையில் ஒரு மணி அரிசி இல்லை. மூன்று நாள் சிரித்த முகமாகப் பட்டினி கிடந்த பெண்களுக்கு, உபவாசம் முடிந்த அடுத்த வேளை சோறு இல்லை என்றதும் கோபம் வந்துவிட்டது. ஒருத்தி, தான் அப்போதே வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னாள். அவள் சொல்லவே இல்லை. இன்னொருத்தி தன் மாடு கன்று போடும் நாள் என்று அழுதாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஷீட்டின் மேல் பெய்கிற மழைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

உபதேசியார் வீட்டில் இருந்த கேழ்வரகு ஒரு நாளைக்கு வந்தது. அப்புறம் பக்கத்து ஊர்ப் பெண்கள்தான் எங்களைக் காப்பாற்றினார்கள். அவர்கள் எங்கள் சபை இல்லை, அவர்களுக்கு அவர்கள் சாமி. நனைந்துகொண்டே வந்து சாமைச் சோறும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் வெள்ளைப் புடவைகளைப் பார்த்துவிட்டு, "எதுக்கு எல்லாரும் சேந்து வந்தீங்க?" என்று கேட்டாள்.

"பட்டினி கெடக்க வந்தோம்" என்றேன் நான்.

அவள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "அதுக்கு இம்மாந் தூரமா வரணும்? உங்க ஊர்ல கெடக்க முடியாதா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரம் நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

மறுநாள் முற்பகல், ஓடைப்பக்கம் போனபோது துணியில் கறை பார்த்தேன். கொஞ்சம்தான். பழுப்பாக. எனக்குத் தெரியும் அது என்னவென்று. முதல் இரண்டு முறையும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஓடையோரப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். கீழே டவுனில் டாக்டரம்மா இருக்கிறார், ஊசி இருக்கிறது, என் வீட்டுக்காரர் இருக்கிறார். நான் மேலே இருக்கிறேன், நடுவில் மரம் மரமாகக் கிடக்கிறது. தேடி வந்து அடைபட்டுக்கொண்டேனே என்று வாய்விட்டு அழுதேன்.

போய்ப் போதகரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். நாள் தள்ளிப்போனதையும் இப்போது கறை பட்டதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். முதலில் கோபம்தான் வந்தது அவருக்கு.

"அடிப்பாவி! வயித்துல வெச்சிக்கினா மலை ஏறி வந்த? ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

எனக்கும் வந்துவிட்டது கோபம். அவர் யார், நான் யார் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "மூணு நாளா எனக்காக ஆண்டவர்கிட்ட கேட்டீங்களே, என்னை ஒரு தடவ கேட்டீங்களா? நீ எப்படி இருக்க, உனக்கு இன்னா வேணும்னு ஒருத்தராவது கேட்டீங்களாம்மா?"

அந்தப் பெரிய குரல் வரவே இல்லை. அப்புறம் என் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போய், உலர்ந்த மூலையில் பாய் விரித்துப் படுக்கவைத்து, காலுக்கடியில் இரண்டு பையை வைத்து உயர்த்தினார்.

உபதேசியாரை மறுபடி அடிவாரத்துக்கு அனுப்பினார். ஜீப்போ மாட்டுவண்டியோ ஏதாவது ஒன்று. அவர் பொழுது சாய்வதற்குள் திரும்பிவந்தார். மரம் வெட்டிப் போட்டுக் காவல் இருந்த பையன்களிடம் கெஞ்சிப் பார்த்தாராம். "அவங்க ஒண்ணும் மாட்டேன்னு சொல்லலம்மா. ஆஸ்பத்திரி கேசுன்னா வுட்டுட்றோம்னாங்க. ஆனா வண்டி மரத்து மேல ஏறியா போவும்? டவுன் வரைக்கும் இதே கதிதான்." ஊர் ஆட்கள் போர்வையில் தூளி கட்டித் தூக்கிப்போகிறோம் என்றார்கள். உபதேசியார் மனைவிதான் தடுத்தார். மழையில் சறுக்குகிற பாதையில் அவ்வளவு தூரம் குலுக்கினால் இருக்கிறதும் போய்விடும், அசையாமல் படுத்திருந்தால் ஒருவேளை நிற்கும் என்றார். போதகரம்மா என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. இன்னா பண்ணலாம்?"

என்னைக் கேட்டார். கேட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. படுத்திருக்கிறேன் என்றேன்.

விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததும் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார்கள். ஒருத்தி கர்த்தாவே என்று ஆரம்பித்தாள். போதகரம்மா கையை ஓங்கிவிட்டார். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவ தூங்கட்டும். ஜெபம் பண்றதா இருந்தா வெளிய போயி மனசுக்குள்ள பண்ணுங்க."

அந்தப் பெண்களுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. சத்தம் போடாமல் ஜெபம் பண்ணிப் பழக்கமே இல்லாதவர்கள். ஒருத்தி விசிறினாள், குளிரில் எதற்கு விசிறி என்று இன்னொருத்தி பிடுங்கினாள். கிழங்கை மசித்து ஊட்டினார்கள். ஒழுகுகிற இடத்தில் மாற்றி மாற்றிப் பாத்திரம் வைத்தார்கள். தையல்காரர் மனைவி மட்டும் கிட்டே வரப் பயந்து கதவோரமே நின்றார். கடைசியில் வந்து உட்கார்ந்து, "நான் பாத்தது நெஜந்தான் டீச்சர், சத்தியமா தொட்டில் பாத்தேன்" என்றார்.

"தொட்டில் பாத்தீங்களே, உள்ள பிள்ள இருந்துச்சான்னு பாத்தீங்களா?" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்படியே படுத்திருந்தேன். வேறு எதுவும் செய்வதற்கில்லை. பஸ் வர வேண்டும், மழை நிற்க வேண்டும், ரத்தம் நிற்க வேண்டும். எதுவும் என் கையில் இல்லை. ஒரு சொட்டு கசிந்தாற்போலிருந்தால் உயிர் போய் உயிர் வரும். அதுவரைக்கும் மனசுக்குள் கெஞ்சினதோடு சரி, அங்கேதான் ஆண்டவரிடம் வாயைத் திறந்தேன். ஜெபம் என்று சொல்லமாட்டேன், சண்டை. நான் உங்களை என்ன கேட்டுவிட்டேன்? ஊர் உலகத்தில் வேண்டாம் வேண்டாம் என்கிறவர்களுக்கெல்லாம் வரிசையாகக் கொடுக்கத் தெரிகிறதே. கொடுக்க இஷ்டமில்லை என்றால் கொடுக்காமலே இருந்துதொலைய வேண்டியதுதானே, எதற்குக் காட்டிக் காட்டிப் பிடுங்குகிறீர்கள்? இதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. கேட்பதை நிறுத்தவும் முடியவில்லை.

இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம் இடுப்பில் வலி வந்தது. போதகரம்மா எல்லாரையும் மழையென்றும் பாராமல் வெளியே அனுப்பிவிட்டு என் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவர் தோளைக் கடித்துக்கொண்டு நான் அழுதேன். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

முடிந்ததும் அவரே என்னைத் துடைத்து, தன் மாற்றுப் புடவையைக் கட்டிவிட்டார். என் துணிகளையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குக் கிளம்பினார். உபதேசியார் மனைவி, "குடுங்கம்மா, நான் அலசறேன்" என்று ஓடிவந்ததற்கு, "நீ போ" என்று ஒரே வார்த்தை. மழையில் குனிந்து அவர் துவைக்கிறது கதவு வழியாகத் தெரிந்தது. சபையில் அவர் ஒரு டம்ளரைக்கூடக் கழுவி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது தலையோடு கால் நனைந்து உதடு நடுங்கியது. இப்போது ஒரு ஆறுதல் வசனம் சொல்லப்போகிறார், சொன்னால் நான் என்ன செய்வேனோ தெரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி ஜில்லுனு இருக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பஸ் ஓடத் தொடங்கி நாங்கள் இறங்கியபோது ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்களை அறுத்து ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் நின்றார். தினமும் வந்து நின்றிருந்தாராம். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல" என்றார். திட்டவில்லை. என் பையை எடுத்து ஈரத்துணிகளை உதறிப் போட்டார். புடவை மடிப்பிலிருந்து மிச்சமிருந்த கடலை உருண்டைப் பொட்டலம் விழுந்தது. அவர் கரும்பு ஆலை ஆள், இனிப்பு என்றாலே முகம் சுளிப்பார், நானும் வாங்கி அவர் பார்த்ததில்லை. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இந்த மாதிரிக் கதைகளைக் கேட்கிறவர்கள் கடைசியில் ஒரு குழந்தை வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வராது. நாங்கள் பல வருஷம் காத்திருந்தோம், அப்புறம் காத்திருக்கிற வயசும் போயிற்று.

ஊர் திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக எனக்கு இஷ்டமே இல்லை. போகாவிட்டால் ஜெபம் பண்ண வீட்டுக்குக் கிளம்பி வந்துவிடுவார்களே என்றுதான் போனேன். பெண்கள் பக்கம், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் தூணோரம். ஆராதனை நடுவில் போதகர், "மலைக்குப் போய்வந்த சகோதரிகள் யாராவது சாட்சி சொல்லலாம்" என்றார். வழக்கமாகக் கேட்பதுதான். பாவம், அவர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

யாரும் எழவில்லை. எங்கள் சபையில் சாட்சி என்றால் கிடைத்ததற்குத்தான். வேலை கிடைத்தது, வியாதி சொஸ்தமானது, பையன் பாஸானான். கிடைக்காததற்கு எழுந்து நின்றவர்கள் கிடையாது. மலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருந்திருந்தால் போதகர் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார். முதல் இரண்டு முறையும் வாசல் வாசலாக நின்று சொன்னது ஞாபகம் வந்தது. இந்த முறை ஒரே இடத்தில் சொல்லி முடித்துவிடலாம் என்று தோன்றியது. எழுந்துவிட்டேன். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மலைக்குப் போகும்போதே என் வயித்துல பிள்ளை இருந்தது. இப்ப இல்ல. எதுக்கு இப்படி ஆச்சின்னு எனக்குத் தெரியல. ஆண்டவர் மேல எனக்கு ரொம்பக் கோவமா இருக்குது. அவர்கிட்ட தெனமும் சண்ட போட்டுக்கினுதான் இருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவேன்."

உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது. போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார்.

முன் வரிசையிலிருந்து போதகரம்மாவின் குரல் வந்தது. மைக் இல்லாமல், கடைசி பெஞ்சு வரைக்கும்.

"ஆமென்."

எனக்குப் பின்னாலிருந்து தையல்காரர் மனைவி சொன்னார். அப்புறம் மலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அது அடங்கின பிறகு, ஆண்கள் பக்கத்திலிருந்து, தூணோரமாக, கரகரத்த குரலில் இன்னும் ஒரு ஆமென் கேட்டது. யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்ச்சில் என் வீட்டுக்காரர் வாய் திறந்து அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.